அறுநூறு செடி

ஆகஸ்ட் 12, 2014. செவ்வாய்

எலி பணத்தைத் தின்றுவிட்டது.

சோளக் குதிருக்கு அடியில், பிளாஸ்டிக் டப்பாவில், பழைய துணியில் சுற்றி வைத்திருந்தேன். வாழைத்தார் விற்றது, முட்டை விற்றது. மூன்று வருஷத்துச் சேமிப்பு, ஆறாயிரத்து நானூறு ஷில்லிங். டப்பாவின் மூலையை அரித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. ஓர் ஆயிரம் ஷில்லிங் நோட்டு தூள் தூளாகிவிட்டது. மற்றதெல்லாம் ஓரம் போயிருக்கிறது. கடைக்காரன் வாங்குவானோ மாட்டானோ.

பக்கத்து வீட்டு யூனிஸிடம் போய்ச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "உன் வீட்டு எலி நம்ம சர்ச் பொருளாளரை விடக் கெட்டிக்காரிடி. எங்க இருக்குன்னு சரியா மோப்பம் பிடிச்சிருக்கு பாரு." பிறகு அவளே அடுப்பில் சோளமாவுப் பசை காய்ச்சி, கிழிந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டித் தந்தாள். ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "போய் சங்கத்துல போடேன். எத்தனை நாளைக்கு எலிக்கு வளர்ப்ப?"

அவளுக்கு சங்கத்தில் கணக்கு இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 14. வியாழன்

சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு தேயிலைக்காரர் கடன் சங்கத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெருபோ என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். என் மகள் நியாபோகேயை விட நாலைந்து வயது கூட இருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

"உங்க தேயிலை எண் சொல்லுங்கம்மா."

சொன்னேன். எடைக் கொட்டகையில் கொழுந்து போடும்போது சொல்கிற எண்தான். கணினியில் தட்டிப் பார்த்தாள். "இது மைரூரான்னு வருதே."

"என் வீட்டுக்காரர்."

"அப்ப கணக்கு அவருக்குத்தான் இருக்கு. உங்களுக்குத் திறக்க முடியாது. எண் இருக்கறவங்கதான் அங்கத்தினர். சங்கத்து விதி."

"கொழுந்து பறிக்கிறது நான்."

அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "தெரியும்மா. இந்த மலையில பறிக்கிற எல்லாருமே பொம்பளைங்கதான். எண் எல்லாம் ஆம்பளைங்க பேர்ல."

வெளியே வந்து படியில் நின்றேன். பையில் ஒட்டுப்போட்ட நோட்டுகள். அவமானமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. யாரும் திட்டவில்லையே.

பின்னாலேயே அவள் எழுந்து ஓடி வந்தாள். கையில் ஒரு படிவம். "ஒரு வழி இருக்கு. புருஷன் தன் செடியில குறைஞ்சது முந்நூறு செடிய மனைவி பேருக்கு மாத்திக் கொடுக்கலாம். அப்ப உங்களுக்குத் தனி எண் வரும். அவர் கையெழுத்துப் போட்டாப் போதும். இங்க வேலைக்கு வந்து மூணு வருஷமாச்சு, இதுவரைக்கும் யாரும் இந்தப் படிவத்தைக் கேட்டதில்ல."

"நானும் கேக்கலயே."

"நீங்க கேக்கலன்னுதான் கொண்டு வந்தேன்."

நல்ல பெண். படிவத்தை ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

அவர் களியும் தைவேளைக் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி ஒம்பாட்டி. தம்பி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். ஒம்பாட்டி என்றைக்கு இல்லாமல் இருந்தான்?

இவர் கோபப்படவில்லை. சிரித்தார். "எங்கிட்ட இருந்தா என்ன, உங்கிட்ட இருந்தா என்ன? உனக்கு என்ன குறை வெச்சேன்?" குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. கேட்டால் தருவார். கேட்டால்.

ஒம்பாட்டிதான் கீரையைப் பிசைந்தபடி சொன்னான். "இன்னிக்கு அண்ணி செடி கேக்கறாங்கண்ணே. நாளைக்கு அடுப்பங்கரை, நாளன்னிக்கு மாட்டுக்கொட்டில். கடைசில நீ என் வீட்டு வாசல்ல வந்து படுப்ப, பாத்துக்க." பிறகு என்னைப் பார்த்து, "ஆம்பளப் பிள்ளை இருந்தாலாச்சும் பரவால்ல, நாளைக்கு அவனுக்குப் போகும்னு சொல்லலாம். மகளுக்குக் கொடுத்து மருமகன் வீட்டுக்கு அனுப்பவா?"

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இல்லாவிட்டால் அது அவன் தலையில்தான் இருந்திருக்கும்.

இவர் பிறகு வந்து, "அக்டோபர்ல தேயிலை போனஸ் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தமா? இருபத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 30. சனி

ஓய்வுநாள். எங்கள் சபைக்குச் சனிக்கிழமைதான் ஆராதனை. சபையில் நல்ல பாட்டு. வீட்டில் எதையும் பேசவில்லை, நானும் இவரும்.

செப்டம்பர் 9. செவ்வாய்

காலையில் மாட்டுக்கொட்டிலில் விழுந்துவிட்டார்.

பால் கறக்கப் போனவர். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். வலது பக்கம் மொத்தமாக— வாய் கோணி— என் பேரைச் சொல்ல வருகிறார், வரல. கண்ணு மட்டும் என்னையே பாக்குது.

யூனிஸ் ஓடி வந்தாள். ஒம்பாட்டியும் வந்தான், அவன்தான் முதுகில் தூக்கினான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மழைச்சேற்றில் ரோடு வரை தூக்கிக்கொண்டே போனான். நடுவில் ஒரு தடவைகூட இறக்கவில்லை. கொழுந்து லாரிக்காரர் நிறுத்தி, மூட்டைகளைத் தள்ளி, மேலே படுக்க வைத்துக் கூட்டிப்போனார். காசு வாங்கவில்லை. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடவுளே. கடவுளே.

செப்டம்பர் 11. வியாழன்

பக்கவாதம். மூளையில் ரத்தக்கசிவா அடைப்பா என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியுமாம். கிசி டவுனில் ஸ்கேன். எட்டாயிரத்து ஐந்நூறு. வண்டிக்குத் தனி. மருந்துக்குத் தனி. என் ஒட்டுப்போட்ட நோட்டுகள் முதல் நாளே படுக்கைக்கும் ஊசிக்கும் போய்விட்டன.

இவர் கணக்கில் பணம் இருக்கிறது. என் கைகள் பறித்த பணம். நேற்று சங்கத்துக்குப் போய் மேலாளரிடம் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "கையெழுத்து வேணும்மா. அவர் பேனா பிடிக்க முடியலன்னா, வேற யாராவது பொறுப்பு எடுத்துக்கறதுக்கு ஒரு கடிதம் வேணும். எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?"

கடிதம் என்றதும் ஒம்பாட்டி பிடித்துக்கொண்டான். இன்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொல்கிறான்: "நீங்க அலைய வேணாம் அண்ணி. நான் கிராமத் தலைவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடறேன். அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு, இனிமே தம்பிதான் எல்லாம் பாத்துக்குவான்னு. செலவை நானே பாத்துக்கறேன்."

"புத்திக்கு ஒண்ணும் ஆகல. என்னை அடையாளம் தெரியுது."

"மாட்டுக்குக்கூட அடையாளம் தெரியும் அண்ணி."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்கிறானா, அண்ணன் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறானா? இரண்டும் இருக்கும் போல. ஆனால் அந்தக் கடிதம் ஒரு தடவை எழுதப்பட்டுவிட்டால், அப்புறம் செடி, நிலம், வீடு— நான் எங்கே நிற்பேன்?

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 12. வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

காலை ஏழு மணிக்கு யூனிஸ் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தேநீர் வாங்கித் தந்துவிட்டு, "எழுந்து வா. சங்கத்துக்குப் போறோம்" என்றாள்.

"எனக்குத்தான் அங்க ஒண்ணும் இல்லையே."

"உனக்கு இல்ல. எனக்கு இருக்கு. அவசரக் கடன் எடுக்கப்போறேன்."

யூனிஸுக்கு எப்படி எண் வந்தது என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் இறந்தான், செடி அவள் பெயருக்கு மாறியது. போகிற வழியில் அதை அவளே சொன்னாள், சேற்றைத் தாண்டியபடி, சாதாரணமாக: "எம் புருஷன் உயிரோட இருந்தவரைக்கும் நான் வெறும் கூடை. அவன் செத்தப்புறம்தான்டி அங்கத்தினர் ஆனேன். நீயும் அதுக்குக் காத்திருக்க வேணாம்."

அவசரக் கடனுக்கு மூன்று அங்கத்தினர் ஜாமீன் போட வேண்டும். அதுதான் இடிக்கும் என்று நினைத்தேன். சங்கத்து வாசலில் எங்களுக்கு முன்னாலேயே மூன்று பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் மேல்சரிவிலிருந்து வந்த பெண்கள், இரண்டு பேரும் விதவைகள்தான். மூன்றாவது ஆள் எடைக் கொட்டகையில் தராசு பிடிக்கிற ஓசிங்கோ. நான் கொண்டுபோகும் கொழுந்தில் கிலோவுக்குக் கிலோ தண்ணீர் என்று குறை சொல்லிச் சொல்லிக் கழிப்பானே, அவன்தான்.

"நீயுமா?" என்றேன்.

"உங்க இலையைத்தான் நான் நம்பல. உங்களை நம்பறேன்" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

கெருபோ நான்கு கையெழுத்தையும் சரிபார்த்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாயிரம் ஷில்லிங். யூனிஸ் எண்ணிப் பார்க்காமல் என் கையில் வைத்தாள். "எலிக்குக் கொடுத்துடாத" என்றாள்.

மத்தியானம் ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்புதான், கசிவு இல்லை. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்கு பேர். எனக்குக் கடன்பட்டவர்கள் யாரும் இல்லை. யூனிஸுக்கு நான் என்ன செய்திருக்கிறேன்? அவள் புருஷன் செத்தபோது ஒரு வாரம் அவள் செடியைப் பறித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். அதை யார் செய்ய மாட்டார்கள்?

செப்டம்பர் 15. திங்கள்

இன்று "தண்ணி" என்றார். மற்ற யாருக்கும் அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. செவிலியரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

செப்டம்பர் 18. வியாழன்

ஒம்பாட்டி கிராமத் தலைவரிடம் போய்விட்டானாம். செவ்வாய்க்கிழமை கடிதம் கிடைக்குமாம். என்னிடம் சொல்லவில்லை, யூனிஸ்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

ஆனால் தினமும் காலையில் என் மாட்டைக் கறப்பதும் அவன்தான். பாலைக் காய்ச்சி, போத்தலில் ஊற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறான். அண்ணனின் வாயைத் துடைத்துவிடுகிறான். இந்த மனுஷனை நான் எப்படித்தான் வெறுப்பது?

மகள் கெரிச்சோவிலிருந்து ஃபோன் செய்தாள். வேலை பார்க்கும் கடையில் லீவு தரவில்லை என்று அழுதாள். வர வேண்டாம், அப்பா தேறுகிறார் என்றேன்.

செப்டம்பர் 23. செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் கெருபோ ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில், வாடகை பைக்கில், சொந்தக் காசு போட்டு. பையிலிருந்து ஒரு மைத் திண்டை எடுத்து வைத்தாள். "ராத்திரியெல்லாம் விதிப்புத்தகத்தைப் படிச்சேம்மா. கையெழுத்துப் போட முடியாத அங்கத்தினர் பெருவிரல் ரேகை வைக்கலாம். டாக்டர் ஒருத்தர், ‘இவருக்கு விஷயம் புரியுது’ன்னு எழுதித் தரணும். ரெண்டு சாட்சி வேணும். மேலாளர்கிட்டயும் கேட்டுட்டேன், செல்லும்னு சொன்னார். இதை முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். எனக்கே தெரியாமப் போச்சு." அவள் கண் கலங்கியிருந்தது. அவள் ஏன் கலங்க வேண்டும்?

பணம் எடுக்கிற படிவத்தைக் கொண்டு வந்திருந்தாள். நான் அதோடு ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து மற்ற படிவத்தையும் எடுத்து வைத்தேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

டாக்டர் வந்தார். சின்ன வயசு, தூக்கம் இல்லாத முகம். அதே நேரம் ஒம்பாட்டியும் பால் போத்தலோடு வந்து நின்றான். படிவத்தைப் பார்த்ததும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நோயாளிகிட்ட நிலம் எழுதி வாங்கறீங்களா? அண்ணனுக்குப் புத்தி சரியில்ல! டாக்டர், நீங்களே சொல்லுங்க!"

டாக்டர் கத்தவில்லை. "நாம ஏன் சொல்லணும்? அவரையே கேட்டுடலாம்" என்றார். குனிந்து இவரிடம் கேட்டார். "ஐயா, உங்ககிட்ட தேயிலை எத்தனை செடி இருக்கு?"

இவர் இடது கையைத் தூக்கினார். ஒரு விரல் காட்டினார். கையை மடக்கினார். பிறகு இரண்டு விரல்.

"ஆயிரத்து இருநூறு," என்றான் ஒம்பாட்டி, தன்னை மறந்து. சரியான கணக்கு அதுதான்.

"இந்த அம்மா யாரு?"

"போ... ன... ரேரி." என் பெயரை முழுசாகச் சொன்னார். விழுந்த நாளிலிருந்து முதல் தடவை.

கெருபோ படிவத்தை மெதுவாகப் படித்துக் காட்டினாள். "உங்க செடியில கொஞ்சத்தை இவங்க பேருக்கு மாத்தணும்னு கேக்கறாங்க. குறைஞ்சது முந்நூறு. உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் முகத்தைப் பார்த்தால் கெஞ்சுவது போல் ஆகிவிடும். அது வேண்டாம். இல்லை என்றால் இல்லை, அதையும் அவரே சொல்லட்டும்.

வார்டு முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கட்டில் தாத்தா எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

இவர் வாயைத் திறந்தார். எச்சில்தான் வந்தது. திரும்ப முயற்சி செய்தார். "பா..." என்றார். "பா... தி."

"பாதியா?" என்றாள் கெருபோ. "அறுநூறா? முந்நூறு போதும் ஐயா, விதிப்படி."

இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், கோபமாக. "பாதி!"

ஐந்து விரலை விரித்தார், மடக்கினார், ஒன்றைக் காட்டினார். ஆறு.

டாக்டர் எழுதினார். விரலை நான்தான் மையில் பிடித்து வைத்தேன்.  சாட்சிக்கு ஒரு செவிலியர், இன்னொருவர் அடுத்த கட்டில் தாத்தா.

ஒம்பாட்டி போய்விட்டான். டாக்டர் எழுதியதற்கு மேல் தலைவரின் கடிதம் இனிச் செல்லாது. போத்தலை மட்டும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பால் இன்னும் சூடாக இருந்தது.

செப்டம்பர் 24. புதன்

தூக்கம் வரவில்லை நேற்று. சந்தோஷம்தான். ஆனால் உள்ளே ஒரு முள். இவர் விழாமல் இருந்திருந்தால் அந்தப் படிவம் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்திருக்குமா?

கேட்டுவிட்டேன், காலையில் முகம் கழுவிவிடும்போது. "அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. நேத்து பாதின்னு சொன்னீங்க. ஏன்?"

ரொம்ப நேரம் முயற்சி செய்தார். துண்டு துண்டாக வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "படுத்திருக்கப்ப... எல்லாரும்... என்னைக் கேக்காம... என்னைப் பத்திப் பேசினாங்க."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே வராந்தாவுக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 4. சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். சபையிலிருந்து இருபது பேர் வந்து பாட்டுப் பாடினார்கள். வாழைப்பழம், பால், சோளம், ஒரு சேவல்கூட. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 17. வெள்ளி

போனஸ் வந்தது. ரேகை வைத்து எடுத்தோம். யூனிஸின் கடனை வட்டியோடு அடைத்துவிட்டேன். மூன்று ஜாமீன்காரர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தச் சேவலைச் சமைத்துப் போட்டேன். ஓசிங்கோ கால் துண்டைக் கையில் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "தண்ணி கழிச்சு முக்கால் கிலோ" என்றான். இவர் சிரித்தார். கோணல் சிரிப்புதான், ஆனாலும் சத்தமாக.

நவம்பர் 19. புதன்

என் எண் வந்துவிட்டது. சங்கத்தில் கணக்குத் திறந்தேன். புகைப்படம் எடுக்கும்போது கெருபோ, "சிரிங்கம்மா, சர்ச்சுல நிக்கற மாதிரி நிக்கறீங்க" என்றாள். சிரித்தேன். படத்தில் பல் எல்லாம் தெரிகிறது. நியாபோகே பார்த்தால் கேலி செய்வாள்.

அடுத்து யாரை வாரிசாகப் போட வேண்டும் என்று கேட்டாள். மகள் பெயரைச் சொன்னேன். கெருபோ எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் 2. செவ்வாய்

ஒம்பாட்டி வந்தான். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை, பால் மட்டும் வாசலுக்கு வரும். தடுமாறித் தடுமாறிப் பேசினான். "அண்ணி, நான் கேட்டதெல்லாம்... அண்ணன் போயிட்டா என்ன ஆகும்னு பயம். நெலம் கைவிட்டுப் போயிடுமோன்னு."

"எனக்கும் அதே பயம்தான் ஒம்பாட்டி. நீ அதைச் சத்தமாச் சொன்ன, நான் சொல்லல."

தலையைக் குனிந்துகொண்டான். களி வைத்தேன், சாப்பிட்டான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. இரண்டாவது முறை கீரை கேட்டு வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 27, 2015. வெள்ளி

சங்கத்தின் வருஷக் கூட்டம். பள்ளி மைதானத்தில் பந்தல். முந்நூறுக்கு மேல் ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள். எண் உள்ள பெண்கள் முப்பது பேர் இருப்போம்.

யூனிஸும் நானும் ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்திருந்தோம். கொழுந்து பறிக்கிறவர் யாராக இருந்தாலும், செடி யார் பெயரில் இருந்தாலும், சங்கத்தில் சேமிப்புக் கணக்குத் திறக்க அனுமதி வேண்டும். செடி மாற்றத்துக்கு எல்லாப் புருஷனும் சம்மதிக்க மாட்டான், எல்லாப் புருஷனும் விழுந்து எழுந்து வரவும் வேண்டாம்.

தலைவர், "இதை அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

என் வாய் எப்படித் திறந்ததோ. "ஐயா, பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். பந்தலே சிரித்தது. ஒரு பெரியவர் எழுந்து, "பொம்பளைங்க எல்லாம் கணக்கு வெச்சா வீட்டுல சண்டை வரும்" என்றார். யூனிஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்: "இப்ப மட்டும் என்ன பஜனையா நடக்குது?"

பிறகு நான் பேசினேன். அழகாகப் பேசவில்லை. ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று நாளைச் சொன்னேன். என் கை பறித்த பணம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததைச் சொன்னேன். "உங்களில் யாரு நாளைக்கு விழுவீங்கன்னு யாருக்கும் தெரியாது. உங்களைத் தூக்கிட்டு ஓடப்போறது யாருன்னு மட்டும் உங்களுக்குத் தெரியும். அவ கையில ஏதாவது இருக்கட்டும்." 

கை தூக்கி ஓட்டு. இவர் கடைசி வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தூக்கினார். எண்ணிக்கொண்டு வந்தவன் தாண்டிப் போனான். "வலது கைதான் செல்லும்" என்று எவனோ குறும்புக்காரன் சொல்ல, இவர் கையை இறக்காமல் முழங்காலுக்கிடையில் நின்ற கைத்தடியைக் குனிந்து வாயில் கவ்விக்கொண்டு அதையும் சேர்த்து ஆட்டினார். எண்ணுகிறவன் திரும்பி வந்து எண்ணினான்.

நூற்று அறுபத்திரண்டுக்கு நூற்று முப்பத்தெட்டு. நிறைவேறியது.

ஒம்பாட்டி எதில் கை தூக்கினான் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துவிட்டேன்.

மார்ச் 11. புதன்

இன்று மட்டும் இருபத்தேழு பெண்கள் கணக்குத் திறந்தார்களாம். ஒம்பாட்டியின் மனைவியும் வரிசையில் நின்றிருந்தாளாம். கெருபோ ஃபோனில் சொன்னாள், குரல் கட்டியிருந்தது. "படிவம் தீந்துபோச்சும்மா. நகல் எடுக்க ஆள் அனுப்பியிருக்கேன்."

மழை இன்னும் வரவில்லை. இலை கரடாகிறது.

ஜூன் 4. வியாழன்

மழை நன்றாகப் பெய்திருக்கிறது. செடி முழுக்கக் கொழுந்து. காலையில் நான் கூடையை எடுத்தபோது இவரும் கைத்தடியோடு பின்னால் வந்தார். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது, ஆனால் பிடிவாதத்தின்போது மட்டும் வாய் வராது.

வரிசை ஓரத்தில் கைத்தடியை ஊன்றி, வலது தோளைச் செடியில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் பறிக்க ஆரம்பித்தார். முதலில் முற்றின இலையையும் சேர்த்துப் பிய்த்தார். காட்டிக் கொடுத்தேன், இரண்டு இலை, ஒரு மொட்டு. "தெரியும், தெரியும்" என்றார். தெரியவில்லை. மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டார். யூனிஸ் எதிர்ச்சரிவிலிருந்து பார்த்துவிட்டு, "ஏ மைரூரா, சுமையா இருந்தா சொல்லு, உன்னையும் கூடையில தூக்கிட்டுப் போறோம்" என்று கத்தினாள். அவர் ஒரு இலையைத் தூக்கி அவள் பக்கம் எறிந்தார்.

சாயங்காலம் எடைக் கொட்டகை. என் மூட்டை இருபத்தொன்பது கிலோ. அவருடையதைத் தனியாக ஒரு துணியில் கட்டியிருந்தேன். ஓசிங்கோ அதைக் கொக்கியில் மாட்டினான். முள் நடுங்கி நின்றது. நாலு கிலோ.

"இதையும் உங்க எண்ணுலதானே சேக்கணும்?" என்று என்னைக் கேட்டான்.

இவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை.

"அவர் பறிச்சது," என்றேன். "அவர் எண்ணுல போடு."